அரிவாள் செல் நோயுள்ள குழந்தைக்கு மீன் எண்ணெய்: எந்தப் புட்டியை எடுப்பது, எதை வைத்துவிடுவது?

சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து, அடிக்கடி கடும் வலியைத் தரும் இரத்த நோயான அரிவாள் செல் நோயுள்ள குழந்தையை வளர்க்கும் பெற்றோர் பலர் ஏதோ ஒரு நாள் மருந்துக்கடையில் சத்து மாத்திரைகள் அடுக்கியிருக்கும் இடத்தில் வந்து நிற்கிறார்கள். ஒமேகா-3 கொழுப்பு வலியைக் குறைக்கும் என்று எங்கோ படித்திருப்பார்கள். கண்முன்னே மீன் எண்ணெய், மீன் ஈரல் எண்ணெய், பாசி எண்ணெய், ஆளிவிதை எண்ணெய் என்று நான்கு வகைப் புட்டிகள். நான்கின் மேலும் ஒமேகா-3 என்றே அச்சிட்டிருக்கிறது. எதை எடுப்பது? அல்லது எதுவும் எடுக்காமல் திரும்புவதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நோய்க்குக் கொடுக்கும் முதன்மை மருந்தான ஹைட்ராக்சியூரியாவுக்குப் பதிலாக என்றால் இவற்றில் எதுவும் வேண்டாம். அந்த மருந்தோடு கூட, குழந்தையைப் பார்க்கும் மருத்துவருக்குத் தெரிந்தே என்றால், டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு மிகுந்த எண்ணெய் ஒன்றைத் தேர்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் புட்டியின் முகப்பில் பெரிதாகத் தெரியும் எண்ணை நம்பி வாங்கினால் பெரும்பாலும் தவறான புட்டியே வீட்டுக்கு வந்து சேரும்.

## எவற்றை வைத்து எடை போடுகிறேன்

ஐந்து கேள்விகள். இந்த நோயுள்ள குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்த சான்று உண்டா? ஒரு நாளில் உள்ளே போகும் டி.எச்.ஏ. எத்தனை மி.கி.? குழந்தை அதை ஒரு வருடம் தொடர்ந்து சாப்பிடுமா? அந்த எண்ணெயோடு வேண்டாதது ஏதாவது சேர்ந்து வருகிறதா? கடைசியாக, இதற்குச் செலவாகும் பணமும் கவனமும் வேறு எதையாவது பின்னுக்குத் தள்ளிவிடுமா?

ஐந்தாவது கேள்வியைத்தான் பலர் கேட்பதில்லை. எனக்கு அதுவே முதன்மையானது.

## சான்று எவ்வளவு தூரம் வருகிறது

அரிவாள் செல் நோயில் கோளாறு ஹீமோகுளோபினில் தொடங்குகிறது. ஆனால் அது அங்கேயே நின்றுவிடுவதில்லை. வளைந்து நிமிர்ந்து நைந்துபோகும் சிவப்பணுக்களின் மேலுறை முரடாகிறது, அவை இரத்தக் குழாயின் உட்சுவரில் ஒட்டுகின்றன, வெள்ளணுக்களும் சேர்ந்து கொள்கின்றன, குழாய் அடைபடுகிறது. வலி நெருக்கடி எனப்படும் திடீர்க் கடும் வலி அங்கேதான் பிறக்கிறது. இக்குழந்தைகளின் இரத்த அணு உறைகளில் டி.எச்.ஏ., இ.பி.ஏ. என்ற இரு ஒமேகா-3 கொழுப்புகளும் குறைந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். குறைந்ததை நிரப்பினால் அணுக்கள் ஒட்டுவதும் அழற்சியும் குறையுமா என்ற கேள்வி அதிலிருந்து எழுந்தது.

அதைச் சோதித்த ஆய்வுகளில் எடை மிகுந்தது சூடானில் நடந்தது, 2013-இல் வெளியானது. 2 முதல் 24 வயது வரையிலான 140 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஒமேகா-3 மாத்திரையும் மற்றதற்குப் போலி மாத்திரையும் ஒரு வருடம் கொடுத்தார்கள். வருடத்துக்கு வரும் வலி நெருக்கடிகளின் இடைநிலை எண்ணிக்கை போலி மாத்திரைப் பிரிவில் 1, ஒமேகா-3 பிரிவில் 0. இரத்தம் ஏற்ற வேண்டி வந்தவர்கள், அதே வரிசையில், 16.4 விழுக்காடு, 4.5 விழுக்காடு. கடும் இரத்தசோகை 16.4 விழுக்காடு, 3.2 விழுக்காடு. நோயால் பள்ளிக்குப் போக முடியாமல் போவதும் குறைந்தது.

அடுத்து 2018-இல் வெளியான ஆய்வில் 5 முதல் 17 வயது வரையிலான 67 பேர். டி.எச்.ஏ. மிகுந்த தயாரிப்பு ஒன்றை உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 20, 36, 60 மி.கி. என்று மூன்று அளவுகளில் 8 வாரம் கொடுத்தார்கள். அணு உறையில் இவ்விரு கொழுப்புகளின் கூட்டு அளவு முறையே 109, 164, 171 விழுக்காடு கூடியது. குழந்தைகள் குறிப்பேட்டில் பதிந்த வலி நாட்களும் வீட்டில் வலிமருந்து எடுத்ததும் குறைந்தன. மருத்துவமனை வரை போகும் நெருக்கடிகளும் போலி மருந்து எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதியாகவே தெரிந்தன. ஆனால் அந்த வேறுபாடு தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்குப் புள்ளியியல் இடம் தரவில்லை.

36 மி.கி.க்கும் 60 மி.கி.க்கும் இடையே அணு உறையில் ஏறக்குறைய மாற்றமே இல்லை என்பதைப் பாருங்கள். கூடக் கொடுத்தால் கூடப் பலன் என்ற கணக்கு இங்கே செல்லாது.

இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் நம்பிக்கைக்கு இடம் உண்டு. ஆனால் சேர்ந்தவர்கள் மொத்தம் இருநூற்றுச் சொச்சம் பேர்தான். எண்ணெயை ஹைட்ராக்சியூரியாவோடு நேருக்கு நேர் நிறுத்திப் பார்த்த ஆய்வுகளும் அல்ல இவை. "மருந்தை நிறுத்திவிட்டு இயற்கையானதைக் கொடுக்கிறேன்" என்பவருக்கு இவற்றில் ஆதரவு கிடையாது.

## முகப்பில் இருக்கும் 1000 எதைச் சொல்கிறது

சூடான் ஆய்வின் ஒரு மாத்திரையில் டி.எச்.ஏ. 277.8 மி.கி., இ.பி.ஏ. 39 மி.கி. இருந்தன. 2–4 வயதுக்கு நாளுக்கு ஒன்று, 5–10 வயதுக்கு இரண்டு, 11–16 வயதுக்கு மூன்று.

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் "1000 மி.கி. மீன் எண்ணெய்" மாத்திரையைத் திருப்பிப் பின்பக்க லேபிளைப் படியுங்கள். பெரும்பாலும் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்று இருக்கும். முகப்பில் உள்ள 1000 மொத்த எண்ணெயின் எடை. நமக்கு வேண்டியது அதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. ஆய்வில் கொடுத்த அளவை எட்ட எத்தனை மாத்திரை வேண்டும் என்று கணக்கிட்டேன்:

| வயது | ஆய்வில் நாளுக்கு டி.எச்.ஏ. | சாதாரண மீன் எண்ணெய் (மாத்திரைக்கு 120 மி.கி.) | அதோடு சேர்ந்து வரும் இ.பி.ஏ. | ஆய்வில் இருந்த இ.பி.ஏ. | பாசி எண்ணெய் (மாத்திரைக்கு 200 மி.கி. என்றால்) |
|---|---|---|---|---|---|
| 2–4 | சுமார் 278 மி.கி. | 2 அல்லது 3 | சுமார் 420 மி.கி. | 39 மி.கி. | 1 அல்லது 2 |
| 5–10 | சுமார் 556 மி.கி. | 5 | சுமார் 830 மி.கி. | 78 மி.கி. | 3 |
| 11–16 | சுமார் 833 மி.கி. | 7 | சுமார் 1250 மி.கி. | 117 மி.கி. | 4 |

இந்த அட்டவணை மருந்துச் சீட்டு அல்ல; லேபிளைப் படிக்கப் பழகுவதற்காகப் போட்டது. குழந்தைக்கு உரிய அளவை அதன் எடையையும் இரத்த எண்ணிக்கையையும் அறிந்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். 2 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இந்த இரு ஆய்வுகளிலும் இல்லை. அந்த வயதில் பெற்றோர் தாமாகத் தொடங்கவே கூடாது.

## சாதாரண மீன் எண்ணெய் மாத்திரை

எங்கும் கிடைக்கும், புட்டியின் விலை குறைவு. ஆனால் அட்டவணை காட்டுவதுபோல், பதின்வயதுப் பிள்ளை நாளுக்கு ஏழு மாத்திரை விழுங்க வேண்டும். ஏற்கெனவே தினமும் மருந்து சாப்பிடும் பிள்ளையிடம் இன்னும் ஏழு என்று நீட்டினால் எத்தனை நாள் நடக்கும்? மீன் வாடையுள்ள ஏப்பம், வயிற்றுக் கலக்கம், இளகிய மலம் எல்லாம் மாத்திரை கூடக் கூட வரும். இ.பி.ஏ.யும் டி.எச்.ஏ.யும் இருக்கும் விகிதமும் ஆய்வில் இருந்ததற்கு நேர்மாறு. இ.பி.ஏ. தீங்கானது என்று நான் சொல்லவில்லை. ஆய்வில் பலன் தந்த பொருளும் இந்தப் புட்டியும் வேறு வேறு என்றுதான் சொல்கிறேன்.

விலை மலிவு என்பதும் தோற்றமே. புட்டியின் விலையை அதில் உள்ள மொத்த டி.எச்.ஏ. மி.கி.யால் வகுத்துப் பாருங்கள். பல வேளைகளில் செறிவான எண்ணெய்தான் மலிவாக முடியும்.

சிறு குழந்தைக்கு மட்டும், வேறு எதுவும் கிடைக்காத இடத்தில், இது பொருந்தலாம். இரண்டு மூன்று மாத்திரைகளை ஊசியால் குத்தி எண்ணெயை உணவில் பிழிந்துவிடலாம். முழு மாத்திரையைச் சிறு குழந்தையின் வாயில் போடாதீர்கள்; தொண்டையில் அடைக்கும்.

## டி.எச்.ஏ. செறிவூட்டிய மீன் எண்ணெய்

ஆய்வுகளில் பயன்பட்டவற்றுக்கு மிக நெருக்கமானது இதுதான். மாத்திரை எண்ணிக்கை குறைவு, திரவமாகவும் கிடைக்கும். நல்ல முறையில் சுத்திகரித்த எண்ணெயில் பாதரசம் பற்றிய கவலையும் குறைவு.

மறைந்திருக்கும் செலவு இது கெட்டுப்போவதில் இருக்கிறது. ஒமேகா-3 கொழுப்பு காற்றும் வெளிச்சமும் வெப்பமும் பட்டால் எளிதில் ஆக்ஸிஜனேற்றம் அடையும். அரிவாள் செல் நோயில் உடல் ஏற்கெனவே ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தில் இருக்கிறது. அந்த உடலுக்குக் காறிப்போன எண்ணெயை ஊட்டுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். வாங்கியதும் ஒரு மாத்திரையை வெட்டி முகர்ந்து பாருங்கள். லேசான மீன் மணம் சரி. பழைய பெயின்ட் போலவோ காறல் நெடியோ அடித்தால் தூக்கி எறியுங்கள். பழச்சுவை சேர்த்த எண்ணெயில் இந்தக் காறல் தெரியாமல் போய்விடும் என்பதால், சுவை சேர்க்காததையே நான் விரும்புகிறேன். பெரிய புட்டி லாபம் என்று வாங்க வேண்டாம். ஓரிரு மாதத்தில் தீரும் அளவே போதும். தயாரிப்பாளரைச் சாராத ஆய்வகம் சோதித்த சான்றிதழ் இருந்தால் முன்னுரிமை கொடுங்கள்.

கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும். வெறும் வயிற்றில் கொடுத்தால் பாதி வீண், ஏப்பமும் கூடும்.

## மீன் ஈரல் எண்ணெய்

பெயரைப் பார்த்து ஏமாறும் இடம் இது. மீன் எண்ணெய் மீனின் உடலிலிருந்து எடுப்பது. ஈரல் எண்ணெய் ஈரலிலிருந்து எடுப்பது. ஈரலில் வைட்டமின் ஏ குவிந்திருக்கும். காட் மீன் ஈரல் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் சுமார் 1350 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ இருக்கக்கூடும். 1–3 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளின் உச்சவரம்பு 600. 4–8 வயதுக்கு 900. 9–13 வயதுக்கு 1700. அதாவது பள்ளியில் சேரும் வயதில் ஒரு தேக்கரண்டியே வரம்பைத் தாண்டிவிடும். தினமும் ஒரு வருடம் என்றால் கல்லீரலுக்கும் எலும்புக்கும் கேடு. இந்த நோயில் இரண்டுமே ஏற்கெனவே தாக்குதலுக்கு உள்ளாகும் உறுப்புகள்.

இதில் வைட்டமின் டி இருக்கிறதே என்பார்கள். உண்மைதான், இக்குழந்தைகளிடம் வைட்டமின் டி குறைபாடு அதிகமாகவே காணப்படுகிறது. அதற்கு இரத்தச் சோதனை செய்து, தேவையென்றால் வைட்டமின் டி-யைத் தனியாகக் கொடுப்பதே சரியான வழி. ஈரல் எண்ணெய் சிறந்த தேர்வாக இருக்கும் சூழல் ஒன்றுகூட எனக்குத் தெரியவில்லை.

## பாசி எண்ணெய்

மீனுக்கே ஒமேகா-3 பாசியிலிருந்துதான் வருகிறது. தொட்டிகளில் வளர்த்த நுண்பாசியிலிருந்து எடுக்கும் இந்த எண்ணெய் குழந்தைகளுக்கான பால்மாவில் நெடுநாளாகச் சேர்க்கப்பட்டு வருகிறது. பெரும்பாலான வகைகளில் டி.எச்.ஏ. அதிகம், இ.பி.ஏ. குறைவு அல்லது இல்லை. இந்த விகிதம் சூடான் ஆய்வின் மாத்திரையை ஒத்திருப்பதால்தான் இதன் பக்கம் சாய்கிறேன். பாதரசம் இல்லை, மீன் வாடை குறைவு, சைவ உணவுக் குடும்பத்துக்கும், மீன் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கும் வேறு வழி இதுவே. சைவக் குடும்பத்தார் மாத்திரையின் மேலுறை ஜெலட்டினால் ஆனதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அந்த இரு ஆய்வுகளும் பாசி எண்ணெயின் மீது நடந்தவை அல்ல. உள்ளே போகும் டி.எச்.ஏ. ஒன்றேயானாலும், அதே பலன் வரும் என்பது அனுமானம். விலையும் பொதுவாகக் கூடுதல். குழந்தைகளுக்கான கம்மி மிட்டாய் வடிவத்தில் வருவதை மட்டும் தவிருங்கள். அதில் டி.எச்.ஏ. பெரும்பாலும் சில பத்து மி.கி.தான், மீதி சர்க்கரை.

## ஆளிவிதை எண்ணெய்

இதில் இருப்பது ஏ.எல்.ஏ. என்ற வேறு ஒமேகா-3. உடல் அதை டி.எச்.ஏ.யாக மாற்றும் அளவு மிகமிகச் சொற்பம். உணவில் சேர்ப்பதில் கெடுதல் இல்லை. இந்த நோக்கத்துக்கு உதவாது.

## மாத்திரை வேண்டாம், மீனே போதுமா?

மத்தி போன்ற கொழுப்புள்ள சிறு மீன் 85 கிராமில் 700 மி.கி.க்கு மேல் டி.எச்.ஏ. இருக்கும். வாரம் இரண்டு முறை அந்த அளவு சாப்பிட்டால் நாளுக்குச் சராசரி 200 மி.கி. ஆகிறது. 2–4 வயதுக்கு ஆய்வு கொடுத்த அளவுக்கு அருகே வந்துவிடும். ஆனால் அந்த வயதுக் குழந்தை ஒரு வேளையில் 85 கிராம் மீன் சாப்பிடுமா என்பது வேறு கேள்வி. பெரிய பிள்ளைக்கு மீன் மட்டும் அந்த அளவை எட்டாது.

ஆனாலும் மீனுக்கு மாத்திரையிடம் இல்லாத ஒரு சிறப்பு உண்டு. இந்நோயுள்ள குழந்தையின் உடல் ஓயாமல் புது இரத்தம் உண்டாக்குகிறது. சாதாரணச் சிவப்பணு 120 நாள் வாழும்போது, அரிவாள் வடிவ அணு 10 முதல் 20 நாளில் அழிகிறது. அதற்குப் புரதமும் கலோரியும் கூடுதலாக வேண்டும். பல குழந்தைகள் எடை குறைந்தே இருக்கிறார்கள். மீன் அவற்றையும் தருகிறது. மீனை விரும்பிச் சாப்பிடும் வீட்டில் முதல் அடி மீனாகவே இருக்கட்டும். சுறா போன்ற பெரிய வேட்டை மீன்களில் பாதரசம் சேர்ந்திருக்கும். அவற்றைத் தவிர்த்துச் சிறு மீன்களையே கொடுங்கள்.

## அந்தப் பணத்தை மருந்துக்கே கொடுத்தால்?

குடும்பத்தின் பணம் அளவானது என்றால் ஒப்பீடு இங்கேதான் முடிவாகிறது. 2011-இல் வெளியான ஆய்வில் 9 முதல் 18 மாதம் வரையிலான 193 குழந்தைகளுக்கு ஹைட்ராக்சியூரியா அல்லது போலி மருந்து இரண்டு வருடம் கொடுத்தார்கள். வலி நிகழ்வுகள் போலி மருந்துப் பிரிவில் 375, ஹைட்ராக்சியூரியா பிரிவில் 177. கை கால் விரல்கள் வீங்கி வலிக்கும் நிகழ்வுகள் 123, 24. அமெரிக்காவின் 2014 வழிகாட்டி நெறிகள், அரிவாள் செல் இரத்தசோகை உள்ள குழந்தைக்கு 9 மாதத்திலிருந்தே, அறிகுறி இருக்கிறதா இல்லையா என்று பாராமல், இம்மருந்தை அளிக்கலாம் என்கின்றன. கருவில் இருக்கும்போது ஓடிய ஹீமோகுளோபினை மீண்டும் கூட்டுவதால், இது நோயின் வேருக்கு எண்ணெயைவிட வெகு அருகில் வேலை செய்கிறது.

இதற்கும் மறைசெலவு உண்டு. வெள்ளணு குறையலாம் என்பதால் குறிப்பிட்ட இடைவெளியில் இரத்தப் பரிசோதனை வேண்டும். பயணம், காத்திருப்பு, குழந்தைக்கு ஊசி. "புற்றுநோய் மருந்தாமே" என்று தயங்கும் பெற்றோரின் மனம் எனக்குப் புரிகிறது. அந்தத் தயக்கத்தை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கொட்டிவிடுங்கள். மீன் எண்ணெய்ப் புட்டிக்குள் அதை ஒளித்துவைக்காதீர்கள்.

எல்-குளூட்டமைன் என்ற அமினோ அமிலத் தூள் இந்த நோய்க்காக அமெரிக்காவில் 2017-இல் 5 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒப்புதல் பெற்றது. 48 வார ஆய்வில் நெருக்கடிகளின் இடைநிலை எண்ணிக்கை போலி மருந்துப் பிரிவில் 4, எல்-குளூட்டமைன் பிரிவில் 3. நாளுக்கு இருமுறை தூளைக் கலந்து குடிக்க வேண்டும், விலை அதிகம். ஹைட்ராக்சியூரியா எடுத்தும் நெருக்கடி தொடரும் பிள்ளைக்கு மருத்துவரோடு பேச வேண்டிய தேர்வு இது.

ஐந்து வயது வரை பென்சிலின், நியூமோகாக்கஸ் தடுப்பூசி, மூளை இரத்தக் குழாய்க்கான வருடாந்தர டாப்ளர் ஸ்கேன் ஆகியவற்றுக்குப் பின்னால்தான் எந்த எண்ணெயும் வரிசையில் நிற்க வேண்டும். இவற்றில் ஒன்று விடுபட்டிருந்தால் புட்டியை அடுக்கிலேயே வைத்துவிட்டு அதை முதலில் முடியுங்கள்.

## எந்தக் குழந்தைக்கு எது

ஹைட்ராக்சியூரியா எடுத்தும் அவ்வப்போது வலி வரும் 5 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு, செறிவூட்டிய மீன் எண்ணெயோ பாசி எண்ணெயோ. மீன் சாப்பிடும் சிறு குழந்தைக்கு, மீன். ஹைட்ராக்சியூரியா எட்டாத தொலைவில் இருக்கும் குடும்பத்துக்கு, அந்த மருந்து கிடைக்க முயன்றுகொண்டே டி.எச்.ஏ. எண்ணெய், சூடான் ஆய்வு இவர்களுக்குத்தான் அதிகம் பேசுகிறது.

மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாதவர்களும் உண்டு. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்கள், தட்டணு குறைந்தவர்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தவர்கள். ஒமேகா-3 இரத்தம் உறைவதைச் சற்றுத் தாமதப்படுத்தக்கூடும். அடிக்கடி இரத்தம் ஏற்றப்படும் குழந்தையின் உடலில் இரும்பு தேங்கியிருக்கும்; அவர்களுக்கு இரும்பும் வைட்டமின் சி-யும் கலந்த கூட்டுச் சத்து எண்ணெய் ஒருபோதும் வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும், தொடங்குவதற்கு முந்திய மூன்று மாதத்தின் வலி நாட்களையும் பள்ளி விடுப்பையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். தொடங்கிய பிறகும் அதேபோல் எழுதி, ஆறு மாதத்தில் இரண்டையும் மருத்துவரிடம் காட்டுங்கள். புட்டியையும் கையோடு கொண்டுபோங்கள். பின்பக்க லேபிளை அவரும் படிக்கட்டும். இடையில் காய்ச்சல் 38.5 டிகிரி செல்சியஸைத் தொட்டால், எந்த எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தாலும், நேரே அவசர சிகிச்சைக்கு.